மலைக்கு ஒரு வண்டி

என் வீட்டுக்காரர் மறுபடியும் குந்திவிட்டார். இது மூன்றாவது வண்டி. முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் ஃபோர்க் குழாயை ஆள்காட்டி விரலால் தடவி, விரலை வெயிலில் உயர்த்திப் பார்க்கிறார். லேபில் கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை இழுத்துவிட்டு நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேனே, அப்படி. அதற்கு நான் இரண்டு வருஷம் படித்தேன். இவர் ஒரு வாரம் செல்போனில் வீடியோ பார்த்திருக்கிறார். "பாத்தியா குமுதா, எண்ணெய் கசியுது. சீல் போயிருக்கு." பார்க்கிறேன். விரல் நுனி மினுங்குகிறது. எண்ணெயாக இருக்கலாம், அவருடைய வேர்வையாகவும் இருக்கலாம். காலை பத்தரைக்கே தகரக் கூரை அப்படிக் காய்கிறது. "அது நேத்து போட்ட பாலிஷ் சார்," என்கிறார் ஜபருல்லா பாய். திருப்பத்தூர் பைபாஸ் ஓரத்தில் இந்த ஆட்டோ கன்சல்டிங் அவருடையது. அறுபது எழுபது பழைய வண்டிகளை ஒரே பக்கம் கழுத்தைத் திருப்பி நிறுத்தி வைத்திருக்கிறார். சாரிடம்தான் சொல்கிறார். காலையிலிருந்து எல்லாவற்றையும் சாரிடம்தான் சொல்கிறார். சார் எவ்ளோ தூரம் ஓட்டுவீங்க, சார் ஹைட்டுக்கு பக்காவா இருக்கும். வண்டி எனக்கு என்று இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. "மேடத்துக்கா? சூப்பர்," என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மைலேஜை மறுபடி சார் பக்கம் திரும்பிச் சொன்னார். என் வீட்டுக்காரர் தணிகாசலம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கியர் வண்டியைத் தொட்டதே கிடையாது. கிளட்ச் எந்தக் கையில் என்று கேட்டால் தன் இரண்டு கையையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்வார். அவர் கையில் நோட்டு, நோட்டில் பன்னிரண்டு வரி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கட்டம். சரி அல்லது தவறு. இதுவரை ஒரு சரிகூட நான் பார்க்கவில்லை.

முதல் வண்டி நானூறு சிசி. மலை வண்டி என்றாலே இதுதான் மேடம், இமயமலைக்கே போறாங்க என்றார் பாய். எனக்கு இமயமலை வேண்டாம், ஜவ்வாது மலை போதும். ஸ்டாண்டை எடுத்ததும் அது என் மேல் சாய்ந்தது பாருங்கள், வேலைக்குப் போகிற அவசரத்தில் அரிசி மூட்டை மேலே விழுந்த மாதிரி. இடுப்பால் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, நான் சமாளித்துக்கொள்வேன் என்று முகத்தை வைத்துக்கொண்டேன். தணிகாசலம் அதற்குள் பின்சக்கரத்துப் பல்லெல்லாம் கூராகிவிட்டது, செயின் தொங்குகிறது என்று எழுதிவிட்டார். அது போகட்டும், அது எனக்கும் ஆகாத வண்டிதான். இரண்டாவது நூற்றைம்பது சிசி. ஒல்லி. ஒரு கையால் நகர்த்தலாம். பார்த்ததும் பிடித்துவிட்டது. கம்பெனியே இதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது, ஒரு கேபிள் அறுந்தால்கூட ஊர் ஊராக அலைய வேண்டும் என்று பாயே ஒத்துக்கொண்டார். சரி, அதுவும் போகட்டும். ஆனால் இந்த மூன்றாவது, இந்த இருநூறு சிசி, டூயல் ஸ்போர்ட் என்று பாய் சொல்கிற, தாரிலும் மண்ணிலும் ஒரே மாதிரி ஓடுகிற இந்த வெள்ளை வண்டி, இதற்கு என்ன குறை? உயரம். நான் ஐந்தடி ஒன்றரை அங்குலம். ஏறி உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் கால்விரல் நுனி மட்டும் தரையைத் தேடுகிறது. ஆனால் அதற்கு வழி எனக்குத் தெரியும். மலையில் எங்கள் சுகாதார ஆய்வாளர் மரியசூசை வைத்திருப்பது இதே மாதிரி வண்டிதான். காய்ச்சல் முகாமுக்குப் போகும்போது நான்தான் அதை ஓட்டுவேன், அவர் பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். ரெண்டு காலும் ஊன வேணாம் மேடம், ஒரு கால் போதும், நிக்கும்போது இடுப்பை ஒரு பக்கமா நகத்திக்கங்க என்று அவர் சொல்லிக்கொடுத்தார். நின்றேன். ஓட்டினேன். ஓடையையே தாண்டியிருக்கிறேன். அதை இங்கே சொல்ல முடியுமா? நீ ஆய்வாளர் வண்டியை ஓட்டினியா, எப்ப, ஏன் என்கிட்ட சொல்லலை என்று ஆரம்பிக்கும். சொல்லாதது ஒன்றா இரண்டா. ஒன்றைச் சொன்னால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும்.

பெருங்காட்டூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் லேப் டெக்னீஷியன். வீட்டிலிருந்து முப்பத்தொரு கிலோமீட்டர். பன்னிரண்டு சமவெளி, அப்புறம் அடிவாரத்தில் செக்போஸ்ட், அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவுகள், கடைசி ஐந்து மண். மழை பெய்தால் அது மண்ணும் இல்லை. மூன்று வருஷமாக ஸ்கூட்டரில்தான் போனேன். சின்னச் சக்கரம், குழியில் இறங்கினால் ஏறாது. போன வாரம் வளைவில் ஒரு கல் அடித்து அடியில் என்னவோ உடைந்தது. இனி இதை மலைக்குக் கொண்டு போனால் என்னிடம் கொண்டு வராதீர்கள் என்று மெக்கானிக் கை கழுவிவிட்டார். ஆறு நாளாகப் பஸ்ஸும் ஷேர் ஜீப்பும். ஜீப் ஆள் சேரும் வரை கிளம்பாது, நான் போய்ச் சேரும்போது ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வெறும் வயிற்றோடு வாசலில் சுருண்டு கிடக்கிறார்கள். அதனால் இன்றைக்கு வண்டி வாங்கியாக வேண்டும், இன்றைக்கே, இந்த ஞாயிற்றுக்கிழமையே. இது தணிகாசலத்துக்குத் தெரியும். தெரிந்தும் இப்போது என்ன செய்கிறார்? ஹேண்டில்பாரைப் பிடித்து இடமும் வலமும் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு எதையோ கேட்கிறார். "லேசா ஒரு கொடகொடப்பு இருக்கு," என்கிறார். எனக்குள் இருக்கும் கொடகொடப்பு அவருக்குக் கேட்காது. பாய் பொறுமையாகத் தலையைத் தலையை ஆட்டுகிறார். இப்படி எத்தனை நோட்டுகளைப் பார்த்திருப்பாரோ.

ஆனால் நான் யாரைக் குறை சொல்ல? இந்த ரோட்டைப் பற்றி மூன்று வருஷமாக வீட்டில் புலம்பியவள் நான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவேன். என்ன ரோடு இது, மனுஷங்க போற ரோடா, இடுப்பு விட்டுப்போச்சு. அத்தை வெந்நீர் வைப்பார். கூடத்தில் டியூஷன் பிள்ளைகள் பதினான்கு பேர் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். பாவம், வேற வழியில்லாம போறா என்று அத்தை பக்கத்து வீட்டில் சொல்வார். அந்த 'வேற வழியில்லாம' என்ற சொல் இல்லையென்றால் என்னை ஒரு நாள்கூட விட்டிருக்க மாட்டார்கள். கஷ்டப்பட்டுப் போகிறாள் என்றால் போகலாம். பிடித்துப் போகிறாள் என்றால்? அதற்கு என் வீட்டில் இடமே இல்லை, எந்த வீட்டிலும் இருப்பதாகத் தெரியவில்லை. அதனால் புலம்பினேன். ஆரம்பத்தில் உண்மையாகத்தான் புலம்பினேன், முதல் நான்கைந்து மாதம் அழுகையே வரும். அப்புறம் எப்போது என்று தெரியவில்லை, ஒரு நாள் மாலை இறங்கும்போது ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். எதற்கு நிறுத்தினேன் என்றும் தெரியவில்லை. கீழே பள்ளத்தாக்கு முழுக்க மூங்கில், காற்று அடிக்கும்போது ஒரு பக்கம் வெளுத்து ஒரு பக்கம் கறுத்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. சாம்பாருக்குப் புளி ஊற வைத்தாயா, ரிசல்ட் வந்துவிட்டதா, நாளைக்கு யார் வருகிறார்கள், எதுவும் இல்லை. அரை மணி நேரம் வளைவோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து, ரோடு ரொம்ப மோசம், ஊர்ந்து ஊர்ந்து வந்தேன் என்றேன். மறுநாளும் நிறுத்தினேன். அதற்கு மறுநாளும். நான்கு மணிக்குக் கிளம்பினால் ஐந்துக்கு அடிவாரம் வந்துவிடலாம். நான் வருவது ஐந்தே முக்காலுக்கு. நடுவில் அந்த முக்கால் மணி நேரம் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. ரோடுதான் மோசமாயிற்றே.

"மூணாவது ஓனர்," என்கிறார் தணிகாசலம். ஆர்சி புத்தகத்தின் நகலை விரலால் தட்டுகிறார். "ரெண்டு பேர் வித்திருக்காங்கன்னா ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்." பாய் முதல் முறையாகக் கொஞ்சம் குரலை உயர்த்துகிறார். "சார், பழைய வண்டின்னா யாராச்சும் வித்தாத்தான் சார் என்கிட்ட வரும்." நியாயம்தான். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஏனென்றால் நோட்டும் கையுமாக நிற்கிற இந்த மனுஷன் நல்லவர். கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதி. போன ஐப்பசியில் நான் சேற்றில் சறுக்கி விழுந்து முழங்கை பிளந்து வந்த நாளிலிருந்து, தினமும் மாலை பஸ் பிடித்துச் செக்போஸ்ட் வரை வந்து அங்கே டீக்கடையில் காத்திருக்கிறார். நான் இறங்கி வந்ததும் பின்னால் ஏறிக்கொண்டு, மெதுவா போ, மெதுவா போ என்றபடி வீடு வரை வருவார். டியூஷனை ஏழு மணிக்குத் தள்ளிப் போட்டுவிட்டார். ஒரு வருஷமாக. ஒரு நாள்கூட, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதில்லை. பங்குனியில் நான் இன்னொரு முறை விழுந்தேன், அதைச் சொல்லவில்லை. விலாவில் காயம், துணிக்குள் மறைந்துவிட்டது. சொன்னால் மலையே வேண்டாம் என்பார். அப்புறம் வைகாசியில் இடமாறுதல் கலந்தாய்வு. மாவட்ட அலுவலகத்தில் என் முறை வந்தது, திரையில் காலியிடங்கள், அதில் எங்கள் வீட்டிலிருந்து நான்கே கிலோமீட்டரில் இருக்கிற ஆஸ்பத்திரி. எடுத்துக்கறீங்களாம்மா என்றார்கள். இதற்காகத்தான் மூன்று வருஷமாகப் புலம்பியிருக்கிறேன். வாயைத் திறந்தேன். மூங்கில் ஒரு பக்கம் வெளுத்தது. விருப்பமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில், கிடைக்கலை, சீனியாரிட்டியில போயிடுச்சு என்றேன். தணிகாசலம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்த தடவை கிடைக்கும் விடு என்றார். இடுப்புக்குத் தைலம் வாங்கிக்கொண்டு வந்தார். அந்தத் தைலத்தின் வாடை இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. வலியில்லாத இடுப்பில் அதைத் தேய்த்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தேன்.

"சீட்டு ஃபோமை ரெண்டு இன்ச் வெட்டிக் குடுத்துடறேன், மேடத்துக்கு கால் எட்டும்," என்கிறார் பாய். "வெட்டினா உட்கார்ற எடம் கெட்டியாயிடும். அவளுக்கு ஏற்கெனவே இடுப்பு வலி," என்கிறார் தணிகாசலம். போதும். இதற்கு மேல் முடியாது. "சாவியைக் குடுங்க பாய்," என்கிறேன். குரல் நான் நினைத்ததைவிடக் கூர்மையாக வருகிறது, இருவருமே திரும்புகிறார்கள். "இரு, நான் முதல்ல ஓட்டிப் பாக்கறேன்," என்று தணிகாசலம் கையை நீட்டுகிறார். "உங்களுக்குக் கியர் தெரியுமா?" நீட்டிய கை அப்படியே நிற்கிறது. இப்படி ஒரு வெளி ஆள் முன்னால் கேட்டிருக்கக் கூடாது. கேட்டாகிவிட்டது. பாய் தன் சட்டைப் பையை உற்றுப் பார்த்துவிட்டு, சாவியை என்னிடம், முதல் முறையாக என்னிடம், கொடுக்கிறார். "சர்வீஸ் ரோட்டுல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க மேடம். இங்கருந்து பாலம் வரைக்கும்."

இடது காலை ஊன்றி வலது காலைப் போடுகிறேன். சுடிதார்தான், மலைக்கு வந்ததிலிருந்து வண்டிக்குச் சுடிதார்தான், புடவை லேப் அலமாரியில் தொங்கும், போனதும் மாற்றிக்கொள்வேன். ஸ்டார்ட் ஆகிறது. ஸ்கூட்டரின் சிணுங்கல் இல்லை, அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். முதல் கியர், இரண்டு. சர்வீஸ் ரோடு ஒழுங்காகப் போடாத ரோடு, ஜல்லி பெயர்ந்து கிடக்கிறது, எனக்கு அதுதான் வேண்டும். வேண்டுமென்றே குழியில் விடுகிறேன். முன்சக்கரம் இறங்குகிறது, ஏறுகிறது, எனக்கு எதுவும் தெரியவில்லை. உடம்பில் ஒரு பூட்டு திறக்கிறது. சீல் நன்றாகத்தான் இருக்கிறது, கொடகொடப்பும் இல்லை, இது நல்ல வண்டி, நான் சொல்கிறேன் இது நல்ல வண்டி என்று எனக்குள் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டே மூன்றாவது கியருக்குப் போகிறேன். இதே சக்கரத்தில் நாளைக்கு மண் ரோடு. இதில் போனால் மழைக்குக்கூடப் பயமில்லை. இதில் போனால் ஒன்பதாவது வளைவில் இன்னும் பத்து நிமிஷம். அப்போதுதான் அந்தப் பயம் வருகிறது, வண்டியைப் பற்றி இல்லை. இது இவ்வளவு நன்றாக ஓடினால் இனி நான் வீட்டுக்குப் போய் என்ன சொல்வேன்? ரோடு மோசம் என்று எப்படிச் சொல்வேன்? முப்பது நிமிஷத்தில் மலை இறங்குகிற வண்டியை வாங்கிக் கொடுத்த மனுஷனிடம் ஐந்தே முக்கால் வரை எங்கே இருந்தேன் என்பேன்? மோசமான வண்டியாகப் பார்த்து வாங்க வேண்டியதுதான் போல, அந்த நானூறை வாங்கி உருட்டிக்கொண்டு வர வேண்டியதுதான் போல என்று நினைக்கும்போது பாலம் வந்துவிடுகிறது. திரும்ப வேண்டும். பாலத்தடியிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ எட்டிப் பார்க்கிறது, பிரேக் பிடிக்கிறேன், இடுப்பை நகர்த்தி இடது காலை ஊன்றுகிறேன். ஊன்றிய இடத்தில் தரை இல்லை. தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளம். வண்டி அவசரமே இல்லாமல், மரியாதையாக, சாய்கிறது. அந்த ஒரு நொடியில் எல்லாம் தெரிகிறது, பிடிக்க முடியாது என்பதும் தெரிகிறது. காலை இழுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் முடிந்தது.

ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். பஞ்சர் கடையிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். நானே தூக்கினேன், முதுகைச் சீட்டில் கொடுத்து, கால்களால் தள்ளி, மலையில் அப்படித்தான் தூக்குவேன். அவர்கள் பிடிப்பதற்குள் பாதி எழுந்துவிட்டது. இடது இண்டிகேட்டர் உடைந்து ஒயரில் தொங்கியது. "அடி ஏதும் இல்லையேம்மா?" "இல்லைங்க." கையைத் துடைத்தேன், முழங்காலில் மண்ணைத் தட்டினேன், ஹேண்டிலில் மண்ணைத் துப்பட்டாவால் தேய்த்தேன். ஒரு காரணம் தயாராகிக்கொண்டிருந்தது, எனக்கே தெரியாமல், ஆட்டோ உரசிவிட்டது, இண்டிகேட்டர் முன்பே விரிசலாக இருந்தது. எவ்வளவு சுலபமாக வருகிறது. வருஷக்கணக்காகப் பழகிய கை. பாவம், அந்த ஆட்டோக்காரர் இன்னும் அங்கேயே நின்று நான் பத்திரமாகக் கிளம்புகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார், அவர் மேலேயே பழியைப் போட நான் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு என்னைக் கண்டே எரிச்சல் வந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் இரண்டாவது கியரிலேயே வந்தேன்.

தணிகாசலம் ரோட்டுக்கே வந்து நிற்கிறார். நோட்டு கையில் இல்லை. அவர் கண் முதலில் இண்டிகேட்டருக்குப் போகவில்லை, என் முழங்காலுக்குப் போகிறது. "விழுந்துட்டியா?" எஞ்சினை அணைக்கிறேன். "ஆமா." சொன்ன பிறகு அந்தச் சொல் நிற்கவில்லை. "இது முதல் தடவை இல்ல. பங்குனியில மலையில விழுந்தேன். உங்ககிட்ட சொல்லலை. ஆய்வாளர் வண்டியை ஆறு மாசமா ஓட்டிக்கிட்டிருக்கேன், அதையும் சொல்லலை." பாய் நாகரிகம் தெரிந்தவர், கொட்டகையின் மறு ஓரத்துக்குப் போய் ஒரு மொபெட்டின் சீட்டைத் துடைக்கிறார். லாரி ஒன்று பைபாஸில் ஊளையிட்டுக்கொண்டு போகிறது. அது போய் முடியும்வரை காத்திருந்துவிட்டுச் சொல்கிறேன். "வைகாசியில எனக்கு மாறுதல் கிடைச்சுது. நம்ம ஊர் ஆஸ்பத்திரி. நான்தான் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்." சொல்லிவிட்டேன். இப்போது என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும். அவர் தலையைக் குனிந்து, உடைந்து தொங்கும் இண்டிகேட்டரை எடுத்து அதன் இடத்தில் பொருத்திப் பார்க்கிறார். "தெரியும்," என்கிறார்.

தெரியும். என்ன தெரியும்? எப்படித் தெரியும்? "ஆடி மாசம் நான் மனு எழுதி எடுத்துக்கிட்டு உங்க மாவட்ட ஆபீஸுக்குப் போனேன். என் மனைவி மூணு வருஷமா மலையில கஷ்டப்படறாங்க, இடுப்பு வலி, தயவுபண்ணி மாத்துங்கன்னு. ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன். அங்க இருந்த கிளார்க் பைலை எடுத்துப் பாத்துட்டு, சார், உங்க வீட்டம்மாவே வேணாம்னு எழுதியிருக்காங்களேன்னாரு. உன் கையெழுத்தைக் காட்டினாரு." அவர் இதைச் சொல்கிற குரலில் கோபமே இல்லை, கணக்குப் போட்டுக் காட்டுகிற குரல், அதுதான் என்னைப் பற்ற வைக்கிறது. ஆடி, ஆவணி, இதோ புரட்டாசி. இத்தனை நாளாக நான் வாசலில் நின்று ரோட்டைத் திட்டியபோதெல்லாம் இவருக்குத் தெரியும். அதற்கப்புறமும் தைலம் தேய்த்துக்கொண்டபோதெல்லாம் தெரியும். இரண்டு பக்க மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அந்த அலுவலகத்துப் படியில் இறங்கியிருப்பார். அதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது, வலிக்கும்போதே கோபமும் வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வரும்? வருகிறது. "தெரிஞ்சும் ஏன் கேக்கலை?" "நீயே சொல்லுவேன்னு பாத்தேன்." "வேடிக்கை பாத்தீங்களா?" "வேடிக்கை இல்ல குமுதா." இண்டிகேட்டரை விட்டுவிட்டு நிமிர்கிறார். "மலை உனக்குப் புடிச்சிருக்குன்னா போ. ஏன்னு நான் கேக்கலை. ஆனா தினமும் வந்து அந்த ரோட்டைத் திட்டாதே. எல்லாத்தையும் தாங்கிக்கலாம், அதை மட்டும் என்னால கேட்டுக்கிட்டு உட்கார முடியலை."

பதில் இல்லாத இடத்தில் எனக்கு எப்போதும் குற்றச்சாட்டுதான் வரும். "சரி, அப்ப வண்டி வாங்க வந்த எடத்துல ஏன் இப்படிப் பண்றீங்க? காலையிலருந்து மூணு வண்டி. செயின் சரியில்ல, சீல் சரியில்ல, மூணாவது ஓனர். நான் மலைக்குப் போகக் கூடாதுன்னு நேரா சொல்ல வேண்டியதுதானே?" "அது இல்ல." "பின்ன?" அவர் கொட்டகையைப் பார்க்கிறார், ரோட்டைப் பார்க்கிறார். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை, வகுப்பில் விடை தெரியாமல் எழுப்பி நிறுத்தப்பட்டவருடைய முகம். "நல்ல வண்டி வாங்கிட்டா," என்று ஆரம்பித்து நிறுத்துகிறார். "வாங்கிட்டா?" "நான் எதுக்கு அங்க வந்து நிக்கணும்? அப்புறம் அம்மாவே கேப்பாங்க, இனிமே எதுக்குடா போறேன்னு." எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அவர் வேகமாக, முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார். "அந்த டீக்கடையில நான் வாத்தியாருன்னு யாருக்கும் தெரியாது. நாலரைக்கு வந்துடுவேன். ஒரு டீ சொல்லிட்டு உட்கார்ந்தா ஒரு மணி நேரம் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. மலையிலருந்து ஜீப்புல பலாப்பழம் எறக்குவாங்க, பாத்துக்கிட்டிருப்பேன். உன் ஸ்கூட்டர் சத்தம் கேக்கற வரைக்கும் நான் யாருக்கும் எதுவும் சொல்லித்தர வேணாம்."

வெயில் மண்டையில் இறங்குகிறது. இவருடைய ஒரு மணி நேரம். நான் இவருக்கு ஒரு வருஷமாகத் தண்டனை கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துச் செத்துக்கொண்டிருந்தேனே, ஒவ்வொரு நாளும் அந்தத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருக்கும்போது பாதி மனசு கீழே அடிவாரத்தில் கிடந்து அடித்துக்கொண்டதே, ஐயோ காத்துக்கொண்டிருப்பாரே, கால் கடுக்க நிற்பாரே என்று. இவர் பலாப்பழம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டில் மட்டும், உனக்காகத்தான் டியூஷனைத் தள்ளிப் போட்டேன் என்கிற முகம். அத்தை பக்கத்து வீட்டில் அவனும் பாவம் என்று சொல்வாரே, அதைக் கேட்டுக்கொண்டே கைகழுவப் போவாரே. திட்ட வேண்டும் போல இருக்கிறது. எந்த உரிமையில் திட்டுவது என்றும் தெரியவில்லை. கோபம் போக இடமில்லாமல் உள்ளே சுற்றிச் சுற்றி வருகிறது, நான் அவர் சட்டைக் காலரில் படிந்திருக்கும் சிவப்புத் தூசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அங்கே அவர் பார்க்கிறது என்ன, ஜீப்பா, பழமா, ஒன்றுமே இல்லாததா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை. என்னிடம் கேட்டால் நானும் மூங்கில் என்றுதான் சொல்ல முடியும். மூங்கில் என்று சொன்னால் அதில் என்ன இருக்கிறது?

"பாய்," என்று கூப்பிடுகிறேன். துணியை உதறிக்கொண்டு வருகிறார். "விழுந்துட்டேன் பாய். இண்டிகேட்டர் உடைஞ்சிடுச்சு. அதுக்கு ஆகறதைச் சேத்துக்கங்க." அவர் குனிந்து பார்க்கிறார், ஹேண்டிலை நேராக்கிப் பார்க்கிறார். "அது போகட்டும் மேடம், என்கிட்ட பழசு ஒண்ணு கெடக்கு, மாட்டித் தர்றேன். உங்களுக்கு அடி இல்லியே?" "இல்ல. வண்டி நல்லா இருக்கு. இதையே எடுத்துக்கறேன்." பாய் பழக்கதோஷத்தில் தணிகாசலம் பக்கம் திரும்புகிறார். தணிகாசலம், "அவங்களைக் கேளுங்க," என்கிறார். "சீட்டு வெட்டிடலாமா மேடம்?" "ஒரு இன்ச் போதும். ரெண்டு வேணாம்." ஃபோர்க் சீலை மாத்திக் குடுங்க என்று நானே சொல்கிறேன், விரலில் மினுங்கியது எண்ணெயேதான் என்று ஓட்டும்போது என் செருப்பில் தெறித்த சொட்டு காட்டிக்கொடுத்துவிட்டது. கணக்கு வாத்தியார் அதில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சொல்ல மாட்டேன், இன்றைக்கு அவருக்கு அது கிடைக்கக் கூடாது. பாய் ஆர்சி புத்தகத்தைத் தேடி உள்ளே போகிறார். நாங்கள் இருவரும் வண்டிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நிற்கிறோம். அவர் டேங்கின் மேல் கையை வைக்கிறார், சுட்டிருக்க வேண்டும், எடுத்துக்கொள்கிறார்.

"இதுல மலை இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்கிறார். சாதாரணமாகத்தான் கேட்கிறார். ஆனால் வண்டியைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார். பெருங்காட்டூரிலிருந்து செக்போஸ்ட் வரை அரை மணி நேரம், மழையென்றால் முக்கால் மணி நேரம். நான்கு மணிக்குக் கிளம்பினால் நாலரைக்கே வந்து அவர் டீ சொல்லும் முன்னால் ஹாரன் அடிக்கலாம்.

"அஞ்சே முக்கால் ஆயிடும்," என்கிறேன்.

அவர் தலையை ஆட்டுகிறார். "நான் நாலரைக்கே வந்துடறேன்," என்கிறார்.